ஸ்லீவா பிளேட்டிங்கா, மொதல்ல ஃபில்டரக் காட்டு

"ஸ்லீவ் போடறதுங்களா மாமா, இல்ல பிளேட்டிங் பண்றதுங்களா?"ன்னு ஒரே மூச்சுல கேட்டுப்போட்டு என் வாயையே பாத்துட்டு நிக்கறயே மாப்ள, மொதல்ல ஒக்காரு. கட்டல்ல ஒக்காராத. பேன்டெல்லாம் டூ டி ஆயிலா இருக்குது. உங்கத்த போர்வையப் பாத்தான்னா உன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டா, மருமவனாச்சே. நாந்தான் ரவைக்குச் சோத்துக்கு நிக்கோணும். அந்தத் திண்ணையில ஒக்காரு.

சிலிண்டர் கொண்டாந்திருக்கற, பிஸ்டன் கொண்டாந்திருக்கற, ஒடஞ்ச ரிங்கக்கூட பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்திருக்கற. கெட்டிக்காரன். ஏர் ஃபில்டர் எங்க? "அதெதுக்குங் மாமா, அது நல்லாத்தானுங்க இருக்குது." நல்லா இருக்கறதயே சித்த பாக்கறனப்பா, வயசான காலத்துல நல்லதக் கண்டா கண்ணுக்குக் குளிர்ச்சிதான. உன்ர கூட்டாளியப் போயிக் கழட்டியாறச் சொல்லு. அது வர்றதுக்குள்ள நாம இதப் பேசிருவோம்.

அந்தக் கூட்டாளியோட ஆர்எக்ஸ் 100 வேற சாதி, உன்ர ஒய்இசட் 125 வேற சாதி, அத மொதல்ல மனசுல போட்டுக்க. அவனுது 1985ல வந்து 1996ல நின்னுபோன வண்டி. அப்பன் சொசைட்டிக்குப் பால் ஊத்த ஓட்டுனான், மகன் மட்கார்டக் கழட்டி, பட்டன் டயர் போட்டு, தென்னந்தோப்புக்குள்ள பொழுதன்னிக்கும் புழுதியக் கெளப்பறான். அதுல சிலிண்டர் பிளாக் அலுமினியம், உள்ள வார்ப்பிரும்பு லைனர். தேஞ்சா 0.25 போர் போடு. மறுக்காத் தேஞ்சா 0.50. பொறவு 0.75, கடைசில 1.00. அந்தந்த சைஸுக்குப் பிஸ்டன் ஸ்பேர்ஸ் கடையில தொங்குது. நாலு தடவ புத்தி கெட்டாலும் தாங்கும், அஞ்சாவது தடவைக்கு லைனரையே மாத்திக்கலாம். கடைசி போர்ல 50 மி.மீ ஓட்டை 51 ஆயி, 98 சிசி வண்டி 102 சிசி ஆயிப்போகும். தோப்பு ரேஸ்ல அத ஆரும் அளக்கறதில்ல, நானும் கேக்கறதில்ல.

உன்ர வண்டியில அந்த லைனரே கெடையாது. நம்பமாட்டயா? உங்கத்த ஃபிரிட்ஜுக் கதவுல ஒட்டி வெச்சிருக்கற காந்தத்த மெதுவா எடுத்தா. கேட்டா நாஞ் சொன்னேன்னு சொல்லாத. இந்தா, போருக்குள்ள வெய்யி. இரும்பு லைனரா இருந்தா வெடுக்குனு புடிச்சிருக்கும், இழுத்துத்தான் எடுக்கோணும். இதுல பாரு, புடிச்சும் புடிக்காம நழுவுது. அலுமினியத்து மேல நிக்கல் பூச்சு, அதோட கனம் 0.05லருந்து 0.1 மி.மீ வரைக்கும். நிக்கலுக்குக் காந்தம் புடிக்கும், ஆனா இந்தக் கனத்துல எத்தன பலம் வரும்? இன்னொரு அடையாளமும் இருக்குது. சிலிண்டரோட மேல்மூஞ்சியப் பாரு. லைனர் இருந்தா ரெண்டு உலோகம் சேர்ற எடத்துல வட்டமா ஒரு கோடு ஓடும். இதுல ஓடல. ஆக, இதக் கொண்டுபோயி நம்மூரு போரிங் கடையில "அண்ணா, 0.25 போர் போட்டுக் குடுங்க"ன்னு நீட்டீராத. அவன் பூச்சச் செரைச்சுப்போட்டு, பளபளன்னு வெறும் அலுமினியத்த உங்கையில குடுத்து, கூலியும் வாங்கிப் பையில போட்டுக்குவான். அவம்மேல தப்பில்ல. நீ கேட்டதத்தான அவஞ் செய்வான்?

சரி, பிஸ்டனக் குடு. அட சாமி! கார்புரேட்டர் பக்கத்து ஸ்கர்ட்டப் பாத்தயா? புது பிஸ்டன்ல சன்னமா வரி வரியா லேத் கோடு இருக்கும். ஆயில் நிக்கறதுக்குன்னே அத உட்டிருப்பான். உன்னுதுல கோடு ஒண்ணுகூட இல்ல. உப்புத்தாள்ல தேச்சு எடுத்தாப்புடி வெளுத்துக் கெடக்குது. இது மண்ணு. உள்ள போன மண்ணு ஆயிலோட கொழைஞ்சு அரச்சிருக்குது. ரிங்குக்குக் கீழ, இந்தப் பக்கம், காப்பி நெறத்துல கறை எறங்கியிருக்குதா? ரிங் அடைக்காம எரிஞ்ச புகை கீழ கடந்திருக்குது. இனி அக்கட்டால திருப்பு. சைலன்சர் பக்கம் நெட்டுக்குக் கோடு கோடா ஒரசிக் கெடக்குது. இது சீஸ் ஆன தழும்பு. ஆக ஒரு வியாதியில்ல, ரெண்டு. மண்ணு தின்னது ஒண்ணு, சூடு தின்னது ஒண்ணு. ரெண்டுக்கும் காரணம் தேடாம நீ ஸ்லீவ் போட்டாலும் பிளேட்டிங் பண்ணுனாலும், தைப்பூசத்துக்கு முன்னாடியே இதே துண்டுல சுத்திட்டு இதே திண்ணைக்கு வருவ. வா, வேண்டாங்கல. டீக்கு மட்டும் நீயே பால் வாங்கியா.

சிலிண்டர்ல சைலன்சர் பக்கம் ஈயம் ஊத்துனாப்புடி அப்பிக் கெடக்குதே, அதப் பாத்துத்தான பயந்துபோயி ஓடியாந்த? பாதி பயம் வீண். அது பூச்சு பேந்தது இல்ல, பிஸ்டனோட அலுமினியம் உருகி ஒட்டுனது. அதுக்கு ஒரு வைத்தியம் இருக்குது. கக்கூஸ் கழுவற ஆசிட், அதான் ஹைட்ரோகுளோரிக், அலுமினியத்தத் திங்கும். நிக்கல அத்தன சுளுவாத் தொடாது. வெளிய காத்தோட்டமா, காத்துக்கு எதுத்தாப்புல நிக்காம, கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டு, குச்சி நுனியில பஞ்சச் சுத்தி, ஆசிட்டத் தொட்டு, அப்புன எடத்துல மட்டும் வெய்யி. பொசுபொசுன்னு நுரைக்கும். தொடச்சிட்டு மறுக்கா வெய்யி. அலுமினியம் போனதும் நுரை நின்னுபோகும், ஒடனே நெறைய தண்ணி ஊத்திக் கழுவீரோணும். நுரை நிக்காம உள்ளுக்குள்ள குழி பறிச்சுட்டே போகுதுன்னா, அந்த எடத்துல பூச்சு ஓட்டையாயி, அடியில இருக்கற சிலிண்டரையே ஆசிட் தின்னுட்டு இருக்குதுன்னு அர்த்தம். அப்ப நிறுத்தீரு. போர்ட்டுக்குள்ள ஒரு சொட்டு வழியக்கூடாது, அங்க பூச்சே கெடையாது. நல்லபடியா முடிஞ்சா, உங்கம்மா பாத்திரந் தேய்க்கற பச்சை நாரு இருக்குதுல்ல, அதச் சோப்புத் தண்ணியில நனச்சுக் குறுக்கும் நெடுக்குமா தேச்சுக் கழுவு. எத்தனையோ சிலிண்டர் இதோட பொழச்சுக்கும், புது பிஸ்டனும் ரிங்கும் போட்டாப் போதும். காசு வேலை பாக்கறதுக்கு முன்னாடி ஆசிட்டும் நாரும் பாக்கட்டும்.

உன்னுதுல முடியாது. இங்க நகத்த வெய்யி, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கீழ. நகம் தடுக்குதா? சுத்தியும் சாம்பல் நெறமா மங்கலா இருக்கறது நிக்கல், நடுவுல வெள்ளையா மினுக்கறது அலுமினியம். பூச்சு செதிலாப் போயிருச்சு. இனி நாரத் தேச்சா நாருதான் தேயும்.

"தேய்மானம் 0.3 இருக்குதுங் மாமா, வெர்னியர்ல அளந்தனுங்க." வெர்னியர்லயா! அதுல தேங்கா வெட்டம் அளக்கலாம். பூச்சே 0.1 மி.மீக்குள்ள, அதுல 0.3 தேஞ்சுபோச்சுன்னா மிச்சத்த ஆரு குடுத்தாங்க? சிலிண்டருக்குப் போர் கேஜ், பிஸ்டனுக்கு மைக்ரோமீட்டர். மேல, நடுவுல, கீழ, ஒவ்வொரு எடத்துலயும் முன்பின்னா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ஆறு அளவு எடுத்தாத்தான் ஓவல் எத்தன, டேப்பர் எத்தனன்னு தெரியும். பிஸ்டனயும் உச்சந்தலையில அளக்கக்கூடாது. ஸ்கர்ட்டுல, பின்னுக்குக் குறுக்க, அடியிலருந்து கொஞ்சம் மேல, புத்தகத்துல சொன்ன எடத்துல அளக்கோணும். நான் பீளமேட்டுல மோட்டார் பட்டறையில லேத்துல நின்ன காலத்துல, வெர்னியர எடுத்துட்டு போர் அளக்க வந்த பசங்கள டீ வாங்கத்தான் அனுப்புவோம்.

இப்ப உன்ர கேள்விக்கு வர்றேன்.

ஸ்லீவுங்கறது நம்மூருக் கையில இருக்கற வித்தை. கோயமுத்தூர்ல வார்ப்படத்துக்கும் லேத்துக்கும் பஞ்சமா? அச்ச வேகமாச் சுத்தவிட்டு உள்ள இரும்பக் காச்சி ஊத்துனா அழுக்கெல்லாம் உள்பக்கம் ஒதுங்கி, கெட்டியான இரும்பு வெளிய போயி நிக்கும். அப்புடி வாத்த கொழாயிலருந்து ஸ்லீவக் கடையறது. சிலிண்டர அதோட வெளி அளவுக்கு போர் போடுவான், ஆனா ஒரு 0.06லருந்து 0.1 வரைக்கும் கம்மியா, எறுக்கமா. அப்பறம் சிலிண்டர 200 டிகிரிக்கு மேல ஓவன்ல காச்சறது, ஸ்லீவ ராத்திரியெல்லாம் ஃபிரீசர்ல போட்டு வெக்கறது. 60 மி.மீ அலுமினிய ஓட்டை 200 டிகிரி ஏறுனா 0.27 மி.மீ விரிஞ்சு குடுக்கும். ஸ்லீவ மேல புடிச்சு உட்டா "டக்"குனு ஒரு சத்தம், அடியில போயி ஒக்காந்துக்கும். அந்தச் சத்தத்தக் கேக்கறதுக்குன்னே பக்கத்துக் கடைக்காரனெல்லாம் எட்டிப் பாப்பான். ஆனா போர்ட்டுக்கு நேரா கோடு போட்டு வெச்சு உடோணும். ரெண்டு மூணு எண்ணறதுக்குள்ள ஸ்லீவு சூடேறி புடிச்சுக்கும், கோணலா ஒக்காந்துச்சுன்னா அங்கியே அதுக்குக் கலியாணம் முடிஞ்சுபோச்சு. ஆறுனதுக்கப்பறம் அலுமினியம் இறுக்கறதுல ஸ்லீவு கொஞ்சம் கோணும். அதனால கடைசி போரும் ஹோனிங்கும் உள்ள ஒக்காந்த பொறவுதான்.

இத்தன நல்லா இருக்குதே, அப்ப ஸ்லீவே போட்டுரலாம்னு எந்திரிக்கற பாரு! ஒக்காரு, ஒக்காரு.

இரும்பு அலுமினியத்துல பாதிதான் விரியும். உன்ர போர் 54 மி.மீ. 100 டிகிரி ஏறுச்சுன்னா 54 மி.மீ அலுமினியம் சுமாரா 0.12 மி.மீ விரியும், இரும்பு 0.06 தான். உன்ர வண்டியில கம்பெனிக்காரன் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல உட்ட எடமே 0.05க்குள்ள. அலுமினிய போருல அலுமினிய பிஸ்டன் ஓடறப்ப ரெண்டும் சேந்து விரியுது, அந்தச் சந்து போதும். இரும்பு ஸ்லீவ உள்ள போட்டுட்டு அதே சந்து உட்டயின்னா, பிஸ்டன் விரியும், ஸ்லீவு அந்தளவுக்கு விரியாது, மூணாவது வளைவுலயே பின் சக்கரம் பூட்டிக்கும், நீ வேலிக்கு அந்தப் பக்கம் போயி ஒக்காந்திருப்ப. அதனால ஸ்லீவுக்கு 0.07, 0.08னு சந்து கூட உடோணும். அடிச்சு உருவாக்குன ஃபோர்ஜ்டு பிஸ்டனா இருந்தா இன்னமும் கூட. சந்து கூடுனா பிஸ்டன் உள்ள ஆடும், குளிர்ந்த இன்ஜின்ல கடகடங்கும், ரிங் நேரா நிக்காது. அது போக, இரும்பு அலுமினியத்தாட்ட சூட்டக் கடத்தாது, மூணுல ஒரு பங்குதான். ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஒட்டுதல் கொஞ்சம் கொறஞ்சாலும் சூடு அங்கியே நின்னுக்கும். ஆர்எக்ஸ் 100 இத்தோட பொறந்து வளந்த வண்டி, பொறுத்துக்கும். உன்ர இன்ஜின் 11,000 சுத்துக்கு அலறது, பிஸ்டன் சராசரியா வினாடிக்கு 20 மீட்டர் ஓடுது, வினாடிக்கு 180 தடவைக்கு மேல ஏறி எறங்குது.

போர்ட்டு சமாச்சாரம் இதவிட வம்பு. ஸ்லீவுல போர்ட்டு ஓட்டைய வெட்டறப்ப அர மி.மீ மேல கீழ போனாலும் வண்டியோட கொணமே மாறிப்போகும். பழைய போர்ட்டுக்கும் புது ஓட்டைக்கும் நடுவுல படிக்கட்டு வந்தா காத்து முட்டிச் சொழலும். அதுக்கும் மேல உன்ர வண்டியில எக்ஸாஸ்ட்டு வாயில பவர் வால்வு தொங்குது. ஸ்லீவோட கனம் அது அசையற எடத்துல நீட்டிட்டு இருந்தா பிஸ்டனுக்கும் முன்னாடி வால்வு முட்டிக்கும். அந்த வேலைய முன்னப்பின்ன பண்ணிப் பழகுனவங்கிட்டக் குடுத்தா ஓடும். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல எல்ஏ ஸ்லீவுன்னு ஒருத்தன் இதையே பொழப்பாப் பண்றான். பம்ப் செட் லைனர் போடறவங்கிட்டக் குடுத்தா அவனும் போடுவான், தண்ணி நல்லா எறைக்கும்.

பிளேட்டிங் கதைய நீ ஃபோன்ல பாத்திருப்ப. ஜெர்மனியில மாலேன்னு பிஸ்டன் கம்பெனி, 1967ல நிகாசில்னு இத எறக்குனான். மோட்டார்சைக்கிளுக்கு இல்ல, வேங்கல் ரோட்டரி இன்ஜினுக்கு. முக்கோண ரோட்டரோட மூலையில இருக்கற சீல் அலுமினியத்தச் செரண்டித் தின்னுச்சு, அதுக்காக. அங்கிருந்து போர்ஷே 917 ரேஸ் காருக்குப் போயி, பொறவு டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸுக்கு வந்து சேந்துச்சு. நிக்கல் கரைசல்ல சிலிக்கான் கார்பைடு பொடியக் கலக்கி விட்டு, கரண்ட் குடுத்துப் பூசறது. அந்தப் பொடி வைரத்துக்குக் கிட்டத்துல வெக்கற கடினம். நிக்கல் புடிச்சு வெச்சுக்கும், பொடி தேய்மானத்தத் தாங்கும், நடுவுல இருக்கற சன்னப் பள்ளத்துல ஆயில் நிக்கும். 1990கள்ல பிஎம்டபிள்யூவும் ஜாகுவாரும் இதக் காருல போட்டு, பெட்ரோல்ல இருந்த கந்தகம் பூச்ச அரிச்சு, அவமானப்பட்டுக் கைய உட்டாங்க. நம்மூர்ல 2020ல பிஎஸ் 6 பெட்ரோல் வந்தப்பறம் கந்தகம் 10 பிபிஎம்முக்கு எறங்கிருச்சு, அந்த வெசனம் உனக்கு வேண்டாம். உனக்கு வேற வெசனம் இருக்குது, வர்றேன்.

வேல எப்படின்னா, பழைய பூச்ச மருந்துல உரிப்பான். குழி உழுந்த எடத்துல டிக் வெல்டிங் வெச்சு அலுமினியத்த நெறப்பி, மறுக்கா போர் போட்டு வட்டமாக்குவான். துத்தநாகக் குளியல் ஒண்ணு குடுத்து, அதுக்கு மேல நிக்கல். கடைசில வைரக்கல் ஹோனிங். சாதாரணக் கல்லு இதுகிட்ட நிக்காது. வெல்டிங் வெச்சுத் திரும்ப 54க்கே கொண்டாந்துருவான், அதான் இதுல பெரிய சௌகரியம். சிசி மாறாது, போர்ட் மாறாது, பவர் வால்வு முட்டாது, சந்து பழையபடி. ஓவர்சைஸ் தேடி அலைய வேண்டியதில்ல. இதுக்குன்னு வர்ற பிஸ்டன் ஏ, பி, சின்னு நூறுல ஒரு மி.மீ வித்தியாசத்துல வரும். அதனால பிஸ்டன மொதல்ல வாங்கி, சிலிண்டரோட சேத்துப் பார்சல் கட்டு. "இந்தப் பிஸ்டன அளந்து, இதுக்கு இத்தன சந்து உட்டு ஹோன் பண்ணுங்க"ன்னு எழுதியே வெய்யி. சிலிண்டர் மட்டும் அனுப்பிட்டு, திரும்பி வந்ததுக்கப்பறம் கெடைச்ச பிஸ்டனத் தேடறது, செருப்பு வாங்கிட்டு காலத் தேடறதுதான். பவர் வால்வக் கழட்டி ஊட்டுலயே வெச்சுக்க, ஸ்டட்டயும் கழட்டு, வழியில காணாமப் போகும். காசு? லேத்துக் கூலியோட பாத்தா பல மடங்கு. அமெரிக்காவுல விஸ்கான்சின்ல மில்லேனியம்னு ஒருத்தன் இதுல பேர் போனவன், ஆனா அங்க அனுப்பறதுக்கு ஆகற பார்சல் கூலியில நீ ஒரு ஆர்எக்ஸ்ஸுக்கு ரெண்டு போர் போடலாம். நம்ம நாட்டுலயே பண்றவன விசாரி. பண்ணுன சிலிண்டர் ஒண்ணக் கண்ணுல பாத்துப்போட்டுக் குடு.

ஓ, வந்துட்டானா உன்ர கூட்டாளி. குடு தம்பி இப்படி. ஏப்பா, இது ஃபில்டரா, எலி கூடா? ஸ்பாஞ்சு மேல சாணி கலருல ஒரு பொட்டணம் மண்ணு. கையில புடிச்சா நுணுங்கி உதிருது. ஃபில்டர் ஆயில் தொட்ட தடமே இல்ல. ஓரத்துல கிரீஸ் தடவியிருக்கோணும், அங்க இம்மிகூட இல்ல, அந்தச் சந்து வழியாத்தான் மண்ணு உள்ள நடமாடியிருக்குது. "போன நோம்பிக்குத்தானுங்க கழுவுனேன்." எந்தூரு நோம்பி? கழுவுனது பெட்ரோல்லயா! ஸ்பாஞ்ச ஒட்டற பசை அதுல கரஞ்சு தையல் பிரிஞ்சிருக்குது பாரு. இதுக்குன்னு கிளீனர் விக்கறான், இல்லாட்டி மண்ணெண்ணையில அலசி, சோப்புத் தண்ணியில கழுவி, முறுக்காமப் புழிஞ்சு, நெழல்ல காயவெச்சு, ஃபில்டர் ஆயில் ஊத்தி ஸ்பாஞ்சு முழுக்கப் பரவற மாதிரிப் பெசஞ்சு போடோணும். புழுதியில ஓட்டுனா ஒவ்வொரு ஓட்டத்துக்கும். ரெண்டு ஃபில்டர் வெச்சிருந்தா ஒண்ணு கழுவறப்ப ஒண்ணு மாட்டலாம். சினிமாவுக்குப் போற காசுதான்.

இப்பத் தீர்ப்பு கேக்கற. வண்டியக் கேட்டா பிளேட்டிங்குன்னு சொல்லுது. உன்ர ஃபில்டரக் கேட்டா ஸ்லீவுன்னு சொல்லுது. மண்ணு தின்னுட்டே இருக்கறவனுக்கு இரும்புதான் லாயக்கு, தேஞ்சா போர் போட்டுக்கலாம், கடைக்காரனுக்கும் பொழப்பு நடக்கும். பூச்சு நெறைய நாள் வரும், ஆனா கழுவறவனுக்கு வரும். சாதாரணமாத் தேயறது சொற்பம், மண்ணு வந்தா பிஸ்டனயும் ரிங்கயும் மொதல்ல தின்னுட்டு, ஒடஞ்ச ரிங்கு பூச்சக் கீறுனா மறுக்கா அதே பார்சல், அதே காசு. வண்டியோட கொணத்த நம்மால மாத்த முடியாது, அது ஜப்பான்காரன் உட்ட கொணம். உன்ர கொணந்தான் உங்கம்மா கையில இருக்குது, அக்காகிட்டச் சொல்லி வெக்கறேன். தோப்பச் சுத்தி ரெண்டு ரவுண்டு வந்து, பசங்க ஃபோன்ல படம் புடிச்சா போதும்னா ஸ்லீவ் போட்டுக்க, ஒண்ணும் குத்தமில்ல. நெசமாலுமே ரேஸ் ஓட்டறயின்னா பிளேட்டிங்.

பிளேட்டிங்கேவா? அப்படிச் சொல்லுவன்னு தெரியும், காசு உங்கப்பனுது.

திரும்பி வந்ததும் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேல பாரு. ஸ்லீவானாலும் பூச்சானாலும் இது பொது. ஒவ்வொரு போர்ட்டோட வெளிம்புலயும் சுண்டுவெரலச் சுத்தி ஓட்டு. கூரா வெட்டுதா? அப்ப ரிங்கும் வெட்டுப்படும். ரிங்கு போர்ட்டக் கடக்கறப்ப கொஞ்சம் வெளிய பொதுங்கும், மறுக்கா உள்ள நுழையறப்ப வெளிம்பு மழுங்கலா இருந்தாத்தான் வழுக்கிட்டுப் போகும். கூர்னா கொக்கி போட்டுப் புடிக்கும், ரிங்கு ஒடஞ்சு எக்ஸாஸ்ட்டு வழியா கெளம்பீரும். மேல் வெளிம்பும் கீழ் வெளிம்பும் ரொம்ப முக்கியம். நல்ல எடத்துல அவங்களே மழுக்கிக் குடுப்பாங்க. மழுக்காம வந்தா திருப்பி அனுப்பு, பூச்சு மேல நீ அரத்த வெச்சீராத, செதில் பேந்துக்கும். ரிங்கயும் போருக்குள்ள உட்டு, பிஸ்டன் தலையால தள்ளி நேராக்கி, வாய்ச் சந்த ஃபீலர் கேஜுல பாரு. போர் ஒரு அங்குலத்துக்கு நாலு தௌன்னு பழைய கணக்கு, உனக்கு எட்டு தௌக்கு மேல, 0.2 மி.மீ சொச்சம் வரும். வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கற அளவு இருந்தா என் கணக்க உட்டுப்போட்டு அதயே புடிச்சுக்க. ரிங்கு வாய் பிஸ்டனோட ரிங் பள்ளத்துல இருக்கற சின்னப் பின்னு மேல ஒக்காந்திருக்கோணும், போர்ட்டு மேல நிக்கக்கூடாது.

சூட்டு வியாதிக்கு மருந்து எங்கன்னு கேக்கவே இல்லயே நீ? மேக்னட்டோ பக்கத்து கிராங்க் சீல் போனா அந்த வழியா வெறுங்காத்த இழுக்கும், கலவ இளச்சுப்போயி பிஸ்டன் சூடாகும். கிளட்ச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலக் குடிக்கும், வெள்ளப் புகையா கக்கும், பிளக்கு கறுத்துப்போகும். எக்ஸாஸ்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர்ல அடச்சு, சைக்கிள் பம்பும் சின்ன மீட்டரும் வெச்சு 6 பிஎஸ்ஐ ஏத்து. ஆறு நிமிசம் நிக்கோணும். எறங்குனா சோப்பு நுரையத் தடவிப் பாரு, எங்க முட்ட உடுதோ அங்கதான் திருடன். இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்றது இ20 பெட்ரோல். அதுல ஆக்சிஜன் கலந்தே வருது, பழைய பெட்ரோலுக்கு வெச்ச ஜெட்டுல கலவ இளச்சுத்தான் ஓடும். மெயின் ஜெட்ட ஒண்ணு ரெண்டு நம்பர் பெருசாக்கிப் பிளக்கப் பாத்துச் சரி பண்ணு. உன்ர கூட்டாளி "டூ டி ஆயில் எச்சா ஊத்துனா சூடாகாது"ம்பான். ஆயில் கூடுனா அந்த எடத்துக்குப் பெட்ரோல் கொறையும், கலவ இன்னும் இளைக்கும். புத்தகத்துல போட்ட கணக்குக்கு ஊத்து, அளவுக் குப்பியில.

ஓட்டறப்ப மொதல் ரெண்டு மூணு தடவ சூடேத்தி, முழுக்க ஆறவெச்சு, மறுக்கா சூடேத்து. பூச்சு போருக்கு எறங்கி ஒக்கார ரொம்ப நேரம் ஆகாது, ரிங்கு பதியோணும், அவ்வளவுதான். ஸ்லீவுன்னா இன்னும் பொறுமை வேணும். குளிர்ந்த இன்ஜின உதச்சதும் முறுக்கற பழக்கத்த உட்ரு. பிஸ்டன் மெலிசு, சட்டுனு விரியும், சிலிண்டரச் சுத்தித் தண்ணி நிக்குது, அது மெதுவாத்தான் எழுந்து வரும். அந்த நேரத்துல முறுக்குனா பிஸ்டன் நாலு மூலையிலயும் புடிச்சுக்கும். வெளிய இருந்து சிலிண்டரக் கையில தொட்டா வெதுவெதுன்னு இருக்கோணும், அதுக்கப்பறம் போ.

ஹெட் நட்டுகள குறுக்குக் குறுக்கா, டார்க் ரெஞ்சுல, புத்தகத்துல போட்ட அளவுக்கு. கேஸ்கெட்டு புதுசு போடு, பழசுக்கு அனபாண்டு தடவி ஒட்டறதெல்லாம் டிராக்டரோட நின்னுக்கட்டும். போ, பார்சல் கட்டற வேலையப் பாரு. காந்தத்தக் குடுத்துட்டுப் போடா, ஃபிரிட்ஜுல கரண்ட் பில்லு தொங்கீட்டு இருந்துச்சு, இப்ப அது எங்க கெடக்குதோ. ரேஸு முடிஞ்சு வந்து எத்தனாவதா வந்தன்னு மறைக்காமச் சொல்லு. கடைசில வந்திருந்தா சிலிண்டர் மேல மட்டும் பழியப் போட்டுறாத, அது இப்பப் புதுசு.